'பொம்பளைச் சீக்கு': கிருமி, உடம்பு, அதிகாரம்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



காலையிலிருந்து நிலம் பற்றிப் பேசினோம். கல்வி உதவித்தொகை பற்றிப் பேசினோம். சாப்பாட்டுக்குப் பிறகு வெட்டை நோய் பற்றிப் பேச ஒருத்தியை நிறுத்தியிருக்கிறார்கள். அழைப்பிதழில் 'பெண் உடல்: நலமும் அரசியலும்' என்று நாகரிகமாகப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய தலைப்பைத் தூக்கிச் சுமக்க என்னால் ஆகாது. நான் ஒரே ஒரு கிருமியை எடுத்துக்கொள்கிறேன். கொனோரியா என்கிற நோயை உண்டாக்கும் கிருமி, கொனோகாக்கஸ். அது பெண் உடம்புக்குள் போய் என்ன செய்கிறது, பெண் உடம்பு அதைத் திருப்பி என்ன செய்கிறது, இந்த இரண்டாவது கேள்வியை ஏன் இவ்வளவு தாமதமாகக் கேட்டார்கள், இதுதான் பேச்சு. பின் வரிசையில் சிரிக்கிற தம்பிகள் சிரித்து முடித்துவிடலாம், நான் காத்திருக்கிறேன்.

ஒரு டாக்டர் பேசவேண்டிய இடம் இது. நான் டாக்டர் இல்லை. பி.எஸ்சி. நுண்ணுயிரியல் படித்தேன். எம்.எஸ்சி. சீட்டு கிடைத்தது, ஃபீஸ் கட்டக் காசு கிடைக்கவில்லை. பேங்க் பரீட்சை எழுதி கிளார்க் ஆனேன். பகலில் கவுன்டரில் நோட்டு எண்ணுகிறேன், ராத்திரியில் கவிதை எழுதுகிறேன். ஆனால் படித்த படிப்பு விடவில்லை. இந்தக் கிருமியை மட்டும் பதினைந்து வருஷமாக விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் அம்மாவின் தங்கச்சி, என் சின்னம்மா. நான் மூணாவது படிக்கும்போது அவங்களுக்குக் கல்யாணம். பத்தொன்பது வயசு. மாப்பிள்ளை லாரியில் கிளீனராக இருந்து டிரைவர் ஆனவர். கல்யாணமாகி ஆறேழு மாசத்தில் சின்னம்மாவுக்கு அடிவயிறு வலி. வெள்ளைப்படுது. ஆயா என்ன சொல்லும்? "சூடு புடிச்சிருக்குடி, வெந்தயத்த ஊறவச்சி முழுங்கு." முழுங்கினாங்க. வலி விட்டுவிட்டு வந்தது. காய்ச்சல் வந்து படுத்த ஒரு தடவை ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். நானும் போனேன், அதனால் தெரியும். அந்தம்மா டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. எந்த ஊரு, ஊரா காலனியா என்று கேட்டார்கள். "உங்க ஆளுங்க மொதல்ல சுத்தமா இருக்கக் கத்துக்குங்க" என்று சொல்லி நாலு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சின்னம்மா தினம் ரெண்டு வேளை குளிக்கிற மனுஷி.

அஞ்சு வருஷம் குழந்தை இல்லை. மலடி என்று பெயர் ஆனது. வேறொரு இடத்தில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது இரண்டு கருக்குழாயும் அடைத்துக் கிடந்தது. சின்னப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். ரெண்டு பிள்ளைகள். இதெல்லாம் முடிந்து ரொம்ப நாள் கழித்து அம்மா சொன்ன ஒரு செய்தி: கல்யாணமான புதிதில் சின்னப்பாவுக்கு ஒண்ணுக்குப் போனால் எரிச்சல், சீழ். லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருக்கும் வைத்தியர் ஒருவரிடம் போய் ரெண்டு ஊசி போட்டுக்கொண்டார். அவருக்குச் சரியாகிவிட்டது. வீட்டில் சொல்லவில்லை.

காலேஜில் ரெண்டாம் வருஷம் மருத்துவ நுண்ணுயிரியல் வகுப்பில் பலகையில் ஒரு படம் போட்டார்கள். கருப்பைவாய், கருப்பை, கருக்குழாய், கீழிருந்து மேலே ஓர் அம்புக்குறி. அந்த அம்புக்குறியைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. ஆனால் இங்கே நான் நேர்மையாகச் சொல்லவேண்டும். சின்னம்மாவுக்கு வந்தது கொனோரியாதானா? தெரியாது. கிளமிடியாவாக இருக்கலாம். இந்தியாவில் காசநோய்க் கிருமியும் கருக்குழாயை அடைக்கும். எதுவென்று சொல்ல ஒரு பஞ்சில் துடைத்து எடுத்து கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை. என் புகார் அதுதான். இங்கே பேசப்போகிறேன் என்றதும், "பேரச் சொல்லாத, ஊரச் சொல்லாத, மத்ததெல்லாம் சொல்லு" என்றாங்க சின்னம்மா. சொல்லிவிட்டேன்.

இனி பெயருக்கு வருவோம். நம் ஊரில் இதற்கு மேகம், வெட்டை, மேகவெட்டை என்று பல பெயர். தெருவில் சொல்லும் பெயர் உங்களுக்கே தெரியும்: 'பொம்பளைச் சீக்கு'. பொம்பளையிடம் போனால் வருவது, ஆகவே பொம்பளையுடைய சீக்கு. கணக்கு என்ன சொல்கிறது? பாடப்புத்தகங்கள் கொடுக்கிற கணக்கில், ஒரே ஒரு தடவை உறவில் பெண்ணிடமிருந்து ஆணுக்கு இது தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. ஆணிடமிருந்து பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு பாதி, பாதிக்கும் மேல். வாங்குவது அதிகமாகப் பெண், பெயரும் பெண் பேரில். பேங்கில் இப்படி ஒரு பதிவு போட்டால் மெமோ கொடுப்பார்கள்.

இதை 150 வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் சொன்னார். எமில் நோகராத் என்ற ஜெர்மன் டாக்டர், நியூயார்க்கில் மகப்பேறு மருத்துவம் பார்த்தவர். 1872-ல் ஒரு சிறு நூல் போட்டார். ஆணுக்கு வந்த கொனோரியா வெளியில் ஆறியதுபோல் இருந்தாலும் உள்ளே மறைந்து கிடக்கும், அவன் கல்யாணம் செய்தால் மனைவிக்குப் போகும், அவளுக்குத் தீராத வயிற்றுவலியும் பிள்ளையில்லாமையும் அதனால்தான் என்றார். சக டாக்டர்கள் அவரைக் கேலி செய்தார்கள். கௌரவமான குடும்பத்து ஆண்கள் மேல் பழி போடுகிறார் என்று கோபம். 1876-ல் அமெரிக்க மகப்பேறு மருத்துவச் சங்கத்தில் மறுபடி பேசினார். அப்போதும் எடுபடவில்லை. அவர் சொன்னதில் சில மிகைகள் உண்டு. அடிப்படை உண்மை.

1879-ல் கிருமியையே கண்டுபிடித்தாகிவிட்டது. ஆல்பர்ட் நைஸர், பிரெஸ்லாவ் நகரம், அப்போது வயசு 24. ரெண்டு காப்பிக்கொட்டையை முகத்துக்கு முகம் ஒட்டி வைத்தமாதிரி இருக்கும் இந்தக் கிருமி. அதன் விஞ்ஞானப் பெயரான நைஸீரியா அவர் பேரில்தான். பாடத்தில் இதோடு நிறுத்திவிடுவார்கள். அதே நைஸர் 1892-ல் சிபிலிஸ் நோயாளிகளின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை, வேறு வியாதிக்காகப் படுத்திருந்த பெண்களுக்கு ஏற்றினார். நோயைத் தடுக்குமா என்று பார்க்க. அவர்களைக் கேட்கவில்லை. பெரும்பாலோர் பாலியல் தொழில் செய்தவர்கள். சிலருக்கு சிபிலிஸ் வந்தது. 1898-ல் முடிவுகளை வெளியிட்டபோது, ஊசியால் வரவில்லை, அவர்கள் செய்யும் தொழிலால் வந்தது என்று எழுதினார். ஊரில் கொந்தளிப்பு எழுந்தது, அபராதம் விதித்தார்கள். 1900 டிசம்பரில் பிரஷ்ய அரசு, நோயாளியின் சம்மதம் இல்லாமல் சோதனை செய்யக்கூடாது என்று உத்தரவு போட்டது. சம்மதம் என்ற சொல் அரசு ஆணையில் ஏறிய ஆரம்பகால இடங்களில் அதுவும் ஒன்று. அந்தப் பெண்களுடைய உடம்பு கொடுத்த விலை அது.

வெள்ளைக்காரன் ஆட்சியில் நமக்கும் இதில் பங்கு உண்டு. 1864, 1866, 1869 என்று இங்கிலாந்தில் மூன்று தொற்றுநோய்ச் சட்டம் போட்டார்கள். 1868-ல் அதே மாதிரி இந்தியாவுக்கு ஒன்று. சிப்பாய்களுக்கு வெட்டை வருகிறது, எனவே பெண்களைப் பிடித்துப் பதிவு செய், சோதனை செய், நோய் இருந்தால் 'லாக் ஹாஸ்பிடல்' என்ற பூட்டுப்போட்ட ஆஸ்பத்திரியில் வை. மதராசிலும் இருந்தது. சிப்பாயைப் பிடித்து அடை என்று சட்டத்தில் ஒரு வரி கிடையாது. ஜோசஃபின் பட்லர் போன்ற பெண்கள் வருஷக்கணக்காகப் போராடி இங்கிலாந்தில் 1886-லும், இந்தியாவில் 1888-லும் அதை ரத்து செய்ய வைத்தார்கள். அதிகாரம் உடம்பின் மேல் எழுதுகிறது என்று நம் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதிவிட்டோம். இங்கே அது உவமை இல்லை, பதிவேடு, சீட்டு, மேஜை, விரித்த கால்.

சரி, கிருமிக்குள் போவோம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

ஒரு கிருமி நோயை உண்டாக்கும் திறனுக்குத் தமிழில் 'வீரியம்' என்று போடுகிறார்கள். பஸ் ஸ்டாண்டு சுவரில் லாட்ஜ் வைத்தியர் ஒட்டுகிற நோட்டீசிலும் அதே சொல். (சிரிப்பு.) வேறு சொல் கிடைக்கும்வரை நானும் அதையே சொல்கிறேன். கொனோகாக்கஸுக்கு மொத்தம் ஏறக்குறைய 2000 ஜீன். அதில் ஒரு பகுதி வீரிய ஜீன்கள். ஒட்டிக்கொள்ள, ஒளிந்துகொள்ள, இரும்பைத் திருட, நம் எதிர்ப்பை வெட்ட.

முதலில் ஒட்டிக்கொள்வது. கிருமியின் மேல் பைலி என்ற மெல்லிய மயிர்கள். அதை நீட்டிப் பிடித்து, இழுத்துக்கொண்டு நகரும். இந்த மயிர் ஒரு புரதத்தால் ஆனது. நம் உடம்பு அந்தப் புரதத்தை அடையாளம் வைத்து ஆன்டிபாடி செய்யப் பார்க்கும். எங்கள் பேங்கில் உங்கள் மாதிரிக் கையெழுத்தை வைத்துக்கொள்வோம் இல்லையா, அந்த மாதிரி. செக்கில் உள்ள கையெழுத்தும் அதுவும் ஒத்துப்போனால் ஆள் இவர்தான். இந்தக் கிருமி ஒவ்வொரு தடவையும் கையெழுத்தை மாற்றிப் போடும். எப்படி? பைலி புரதத்துக்கு வேலை செய்கிற ஜீன் ஒன்று. அதே ஜீனின் ஊமைப் பிரதிகள், தன்னால் எதையும் செய்யாத துண்டுகள், ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் ஒரு வகையில் 19 இருக்கின்றன. அந்தத் துண்டுகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வேலை செய்கிற ஜீனில் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஒரே ஆளுடைய உடம்பில், ஒரே நோயில்கூட மாறிக்கொண்டே போகும். நேற்றைய ஆன்டிபாடி இன்றைக்குச் செல்லாது.

அடுத்தது ஓபா என்ற புரதங்கள். அதற்கு 11 ஜீன். ஒவ்வொன்றும் தனி ஸ்விட்ச் மாதிரி, ஐந்தெழுத்துத் தொடர் ஒன்று கூடிக் குறைவதில் தானே அணையும், தானே எரியும். மேலே ஒரு சர்க்கரைப் பூச்சு வேறு. நம் உடம்பிலேயே இருக்கிற சியாலிக் அமிலத்தை எடுத்துத் தன் மேல் பூசிக்கொள்ளும். அப்புறம் எதிர்ப்புச்சக்தி அதைச் சொந்தக்காரன் என்று விட்டுவிடும். சளிச்சவ்வில் காவல் நிற்கும் ஐஜிஏ என்ற ஆன்டிபாடியை வெட்டிப்போட ஒரு கத்தரி நொதியும் வைத்திருக்கிறது.

இதெல்லாம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. வித்தியாசம் எங்கே வருகிறது? ஆணின் சிறுநீர்ப்பாதையில் இது இறங்கினால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் கலவரம். வெள்ளை அணுக்கள் கூட்டமாக ஓடிவந்து சீழாகக் கொட்டும். எரிச்சல் தாங்காமல் ஆள் வைத்தியரைத் தேடுவான். பெண்ணுக்குக் கருப்பைவாயில் இறங்கினால் பாதிப்பேருக்கும் மேல் எந்த அறிகுறியும் இல்லை. ஏன்? 2000-த்தை ஒட்டி அமெரிக்காவில் அயோவாவில் ஜெனிஃபர் எட்வர்ட்ஸ், மைக்கேல் அப்பிசெல்லா இருவரும் ஒரு விடை கண்டார்கள். காம்ப்ளிமென்ட் என்று ரத்தத்திலும் சளியிலும் ஒரு புரதக் கூட்டம் உண்டு. கிருமி வந்தால் அதன் மேல் ஒட்டி 'இவனைப் பிடி' என்று குறி வைக்கும். கருப்பைவாய்ச் செல்களில் அந்தக் குறியைப் பிடிக்கும் கொக்கி ஒன்று இருக்கிறது, சிஆர்3 என்று பெயர். கொனோகாக்கஸ் தன் மேல் குறி வைக்கவிட்டு, அந்தக் குறியையும் தன் பைலியையும் இன்னொரு புரதத்தையும் சேர்த்து அதே கொக்கியில் மாட்டிக்கொண்டு செல்லுக்குள் போய்விடும். இந்த வாசல் வழியாகப் போனால் அபாயச் சங்கு ஊதாது. அழற்சி எழாது. போலீஸ் ஒட்டிய நோட்டீசையே பாஸ்போர்ட்டாக நீட்டுகிற மாதிரி.

அந்த மௌனத்தில் சிலருக்கு அது மேலே ஏறும். மாதவிடாய் வந்ததை ஒட்டிய நாட்களில் ஏறுவது அதிகம் என்று பார்த்திருக்கிறார்கள். வழக்கமாக வாயை அடைத்திருக்கும் சளி அப்போது விலகியிருக்கும், ரத்தத்தில் இரும்பும் கிடைக்கும். இதைக் கேட்டுவிட்டு யாரும் 'பார்த்தாயா, தீட்டு' என்று கிளம்பவேண்டாம். மனித ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்திலிருந்து நேராகப் பிடுங்க இந்தக் கிருமிக்குத் தனி ஜீன்கள் உண்டு. ஆண் உடம்பிலும் அதே திருட்டுதான். அந்த ஜீனை நீக்கிய கிருமியை ஆண் தன்னார்வலர்களுக்குள் விட்டபோது அவர்களுக்கு நோயே வரவில்லை.

கருக்குழாயில் நடப்பது கொடுமை. குழாயின் உள்சுவரில் இரண்டு வகைச் செல். ஒன்றுக்கு மெல்லிய அசைகிற இழைகள், முட்டையைக் கருப்பைக்குத் தள்ளிக்கொண்டு போவது அதுதான். மற்றதற்கு இழை இல்லை. கிருமி ஒட்டிக்கொண்டு உள்ளே போவது இழை இல்லாத செல்லுக்குள். ஆனால் உதிர்ந்து சாவது இழை உள்ள செல். கிருமியிலிருந்து உதிரும் கொழுப்புச் சர்க்கரை, சுவர்த் துண்டுகள், அதற்கு நம் உடம்பே கொட்டும் டிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருள், எல்லாம் சேர்ந்து இழைச் செல்களைத் தோலுரிக்கின்றன. அறுவையில் அகற்றிய குழாய்த் துண்டுகளை ஆய்வகத்தில் உயிரோடு வைத்து ஸெல் மெக்கீ என்பவரும் மற்றவர்களும் 1970-களிலும் 80-களிலும் கண்டது இது. ஆறும்போது தழும்பு விழும். தழும்பு விழுந்தால் குழாய் அடையும், அல்லது கரு பாதி வழியில் நின்று குழாயிலேயே வளர்ந்து உயிருக்கு ஆபத்தாகும். சின்னம்மாவின் எக்ஸ்ரேயை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஒருமுறை வந்து போனபின் உடம்பு கற்றுக்கொள்ளாதா? அம்மை வந்தவருக்குத் திரும்ப வருவதில்லையே? இதற்கு வராது என்ற உத்தரவாதமே இல்லை. 1999-ல் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து பர்மிங்காமில் நோய் வந்தவர்களின் ரத்தத்தையும், பெண்களின் கருப்பைவாய்ச் சளியையும் எடுத்துப் பார்த்தார்கள். ஆன்டிபாடி மிகக் குறைவு. முன்னால் பலமுறை வந்தவர்களிடமும் நினைவு இருந்ததற்கான தடயம் இல்லை. பின்னால் பஃபலோ நகரில் மைக்கேல் ரஸ்ஸலும் யிங்ரு லியூவும் எலிகளில் பார்த்தபோது காரணத்தின் ஒரு நுனி கிடைத்தது. கிருமி நம் எதிர்ப்பை ஒரு பக்கமாகத் திருப்பிவிடுகிறது. வெள்ளை அணுக்களைக் கூப்பிடுகிற டிஎச்17 வழி திறக்கிறது, நீண்டநாள் நினைவையும் நல்ல ஆன்டிபாடியையும் தரும் வழி அடங்கிவிடுகிறது. ஓடிவந்த வெள்ளை அணுக்கள் விழுங்கினால்கூட அதற்குள்ளே சில கிருமி உயிரோடு இருக்கும். அடங்கிய வழியை இன்டர்லூகின்-12 என்ற பொருளை வைத்துத் தட்டி எழுப்பினால் எலி குணமாகிறது, மறுமுறை தாங்குகிறது. எலியில்.

இன்னொன்று சொல்லவேண்டும், நைரோபியில் நடந்தது. பம்வானி என்ற ஏழைக் குடியிருப்பில் பாலியல் தொழில் செய்த பெண்களை ஃபிரான்சிஸ் பிளம்மர் குழுவினர் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 1993-ல் ஒரு முடிவு வெளியானது. கிருமியின் ஆர்எம்பி என்ற புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி வைத்திருந்த பெண்களுக்குத் தொற்று குறையவில்லை, கூடியது. அந்த ஆன்டிபாடி போய் உட்கார்ந்துகொண்டு, உண்மையில் கொல்லக்கூடிய மற்ற ஆன்டிபாடிகளை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. நம்ம பக்கம் நிற்கிற மாதிரி நின்று நாற்காலியை மட்டும் பிடித்துக்கொள்கிற ஆள். உதாரணம் நான் சொல்லவேண்டாம். (சிரிப்பு.)

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். பெண் உடம்பில் என்ன நடக்கிறது என்பதற்கு நான் சொன்ன சாட்சிகள் எவை? ஆய்வகத்தில் வளர்த்த செல், வெட்டி எடுத்த குழாய், எலி. இந்தக் கிருமி மனிதரை மட்டுமே பிடிக்கும், எலிக்கு ஹார்மோன் ஊசி போட்டுத்தான் கொஞ்சநாள் ஒட்டவைக்கிறார்கள். ஆண்களில் நேரடிச் சோதனை உண்டு. வட கரோலினாவில் சம்மதம் வாங்கி, சிறுநீர்ப்பாதையில் கிருமியை விட்டு, அறிகுறி வந்ததும் மருந்து கொடுத்துவிடுவார்கள். பெண்களில் செய்வதில்லை, மேலே ஏறிக் குழாயைக் கெடுத்துவிடும் என்பதால். நியாயம்தான். செய்யக்கூடாது.

ஆனால் செய்தார்கள். 1946-லிருந்து 1948 வரை, குவாத்தமாலாவில், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் டாக்டர் ஜான் கட்லர் தலைமையில். சிறைக்கைதிகள், சிப்பாய்கள், மனநோய் விடுதியில் இருந்தவர்கள், பாலியல் தொழில் செய்த பெண்கள். சம்மதம் இல்லை. பெண்களுக்கு வேண்டுமென்றே கொனோரியாவைத் தொற்றவைத்து ஆண்களிடம் அனுப்பினார்கள். மனநோய் விடுதியில் சாகக்கிடந்த ஒரு பெண்ணின் கண்களில் வேறொருவரின் கொனோரியாச் சீழைப் போட்டார்கள். சில நாளில் இறந்துபோனாள். 1300-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் ஏற்றப்பட்டது. சூசன் ரெவர்பி என்ற வரலாற்றாசிரியர் பழைய கோப்புகளைப் புரட்டியபோது கிடைத்து, 2010-ல் உலகுக்குத் தெரிந்தது. அமெரிக்கா மன்னிப்புக் கேட்டது. அத்தனை உடம்புகளை வதைத்தும், நோய் ஏற்றிய அந்தச் சோதனைகளைப் பற்றி அப்போது ஒரு கட்டுரைகூட வெளியிடவில்லை. விஞ்ஞானத்துக்காக என்ற சாக்குகூட அதற்கு இல்லை.

வேறு வழி இல்லையா? இருக்கிறது, மரியாதையாகக் கேட்கிற வழி. சீனாவில் நான்ஜிங் நகரத்து மருத்துவமனைக்கு வந்த ஆண்களிடமும் பெண்களிடமும் சம்மதத்தோடு மாதிரி எடுத்து, கிருமி அந்த நேரத்தில் எந்த ஜீனை எரியவிட்டிருக்கிறது, எதை அணைத்திருக்கிறது என்று அதன் ஆர்.என்.ஏ.யை வாசித்தார்கள். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்து கரோலின் ஜென்கோவின் குழு. 2015-ல் பெண்களிடம் மட்டும், 2018-ல் இருபாலரையும் ஒப்பிட்டு. ஒரே கிருமி ஆண் உடம்பில் ஒரு விதமாகவும் பெண் உடம்பில் ஒரு விதமாகவும் நடந்துகொள்கிறது. மருந்தை வெளியே தள்ளுகிற பம்பின் ஜீன்கள் ஆணிடம் கூடுதலாக வேலை செய்கின்றன. ஆணிடம் பார்த்ததைப் பெண்ணுக்கு அப்படியே பொருத்தமுடியாது என்பதற்கு நோயாளியின் உடம்பிலிருந்தே எடுத்த சாட்சி. நைஸருக்கும் இதற்கும் நடுவில் 130 வருஷத்துக்கு மேல்.

மருந்துக்கு வருகிறேன், இதை வேகமாகச் சொல்கிறேன். 1930-களில் சல்ஃபா வந்தது, பத்து வருஷத்தில் பயனற்றுப் போனது. பென்சிலின் வந்தது. 1976-ல் பென்சிலினை உடைக்கும் கிருமி கிழக்காசியாவோடும் மேற்கு ஆப்பிரிக்காவோடும் தொடர்புள்ளவர்களிடம் தென்பட்டது. ஒவ்வொரு மருந்தாக விழுந்தது. கடைசியாக நிற்பது செஃப்ட்ரையாக்சோன் ஊசி. அதையும் பெரிய அளவில் தாங்கும் வகை 2009-ல் ஜப்பானில் கியோத்தோவில் ஒரு பெண்ணின் தொண்டையில் கிடைத்தது. தலைப்புச் செய்தி எல்லாம் அவள் செய்த தொழிலைப் பற்றித்தான். அவளிடம் அதைக் கொண்டுவந்தது யார் என்ற கேள்வியைக் காணோம். 2025 டிசம்பரில் ஜெபோட்டிடாசின், ஸோலிஃப்ளோடாசின் என்று இரண்டு புது வாய்வழி மருந்துகளுக்கு அமெரிக்காவில் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். நல்ல செய்தி. லாட்ஜ் வைத்தியர்கள் கையில் போய்ச் சேராமல் இருந்தால் கொஞ்சநாள் தாங்கும்.

தடுப்பூசியும் எதிர்பாராத இடத்திலிருந்து வருகிறது. நியூசிலாந்தில் 2004-லிருந்து மூளைக்காய்ச்சலுக்கு ஒரு தடுப்பூசி போட்டார்கள். அந்தக் கிருமி இதற்குப் பங்காளி முறை. 2017-ல் கணக்குப் பார்த்தபோது ஊசி போட்டவர்களுக்கு கொனோரியாவும் 31 விழுக்காடு குறைந்திருந்தது. அதே வழியில் வந்த இன்னொரு ஊசியை 2025 ஆகஸ்டிலிருந்து இங்கிலாந்தில் அதிகம் தொற்றுகிற வாய்ப்புள்ள ஆண்களுக்குப் போடுகிறார்கள், தன்பால் உறவு கொள்பவர்களுக்கு. அங்கே நோய் எங்கே அதிகமோ அங்கே போடுகிறார்கள், தப்பு சொல்லவில்லை. பெண்ணின் கருக்குழாயை அது காக்குமா என்பது தனிக் கேள்வி. 2020-ல் உலகம் முழுக்கப் புதிதாக 8 கோடிப் பேருக்கு மேல் இந்த நோய் வந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவும் ஆசியாவும்தான்.

நம் ஊரில் அரசுத் திட்டத்தில் அறிகுறியை வைத்து வண்ணப் பொட்டலம் கொடுக்கும் முறை இருக்கிறது. சீழ் வந்தால் சாம்பல் நிறம், வெள்ளைப்படுதலில் ஒரு வகைக்குப் பச்சை, அடிவயிறு வலிக்கு மஞ்சள். சோதனைக்கூடம் இல்லாத ஊருக்கு இதுவே பெரிய உதவி, குறை சொல்லமாட்டேன். ஆனால் நான் இவ்வளவு நேரம் சொன்னதை யோசியுங்கள். பாதிக்கு மேல் பெண்களுக்கு அறிகுறியே வராது. அறிகுறியை வைத்துக் கொடுக்கும் பொட்டலம் அவர்களிடம் எப்படிப் போகும்? போவதற்கு ஒரே வழி, சீழோடு வருகிற ஆணிடம் "உன் வீட்டுக்காரிக்கும் இந்தா" என்று சேர்த்துக் கொடுப்பது. திட்டத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நம் ஆண்கள் செய்ய வேண்டியது அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் வாயைத் திறப்பது. சின்னப்பா திறக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

அதனால் இங்கே இருக்கிற தம்பிகளுக்கு நேரடியாகச் சொல்கிறேன். சீழ் வந்தால், எரிச்சல் வந்தால், லாட்ஜுக்குப் போகாதீர்கள். அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கூட உறவில் இருக்கிற பெண்ணிடம் சொல்லுங்கள், அவளையும் சோதிக்கச் சொல்லுங்கள். தங்கச்சிகளே, கல்யாணமான புதிதில் அடிவயிறு வலி, காய்ச்சல் என்றால் சூடு என்று வெந்தயத்தை முழுங்கிக்கொண்டு இருக்காதீர்கள். டாக்டர் தொடாமல் எழுதிக் கொடுத்தால், "பஞ்சு வெச்சு எடுத்துப் பாக்கலையா டாக்டர்?" என்று கேளுங்கள். முகம் சுளிப்பார்கள். கேளுங்கள். நம் தோழர்கள் ஆஸ்பத்திரிகளில் இதை எழுதிக் கொடுத்துக் கேட்கவேண்டும்: எத்தனை பெண்களுக்கு உள்ளே பார்த்துச் சோதனை செய்தார்கள், எத்தனை பேருக்கு வாய்மொழியாகவே மருந்து எழுதினார்கள், எத்தனை கணவன்மாரைக் கூப்பிட்டார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு இந்தக் கேள்வியைக் கேட்கலாம். நான் போன மாதம் ஒன்று போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

நேரமாகிவிட்டது, தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். மீதியைக் கலந்துரையாடலில் பேசலாம். எல்லார் முன்னாலும் கேட்க சங்கடமாக இருப்பவர்கள் டீ நேரத்தில் வாங்க, நான் அந்த வேப்பமரத்தடியில் இருப்பேன்.